கோடு போடாமலே பங்கு போட்ட கடல்: கேள்வி-பதில்

எல்லை முடிவாகாத கடலில் இரண்டு நாடுகள் சேர்ந்து எண்ணெய் எடுத்தால், உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாதா?

ஆகாது. இந்த ஒப்பந்தங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: இதனால் யாருடைய உரிமைக் கோரலும் பாதிக்கப்படாது என்று. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும், எல்லை முடிவாகும்வரை இப்படித் தற்காலிக ஏற்பாடு செய்துகொள்ள முயலுங்கள் என்றே சொல்கிறது.

உருப்படியாக நடந்த உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்.

மலேசியா - தாய்லாந்து. சண்டைக்குக் காரணம் லோசின் என்ற பாறை. கடலுக்கு மேலே கொஞ்சம்தான் தெரியும், அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். தாய்லாந்து அதைக் கணக்கில் வைத்து எல்லை கேட்டது, மலேசியா ஒத்துக்கொள்ளவில்லை. 1979-இல் சியாங் மாயில் உட்கார்ந்து, தகராறை 50 ஆண்டுக்குத் தள்ளி வைத்து, 7,250 சதுர கி.மீ. பரப்பைப் பொதுவாக்கினார்கள். வருமானமும் செலவும் சரிபாதி.

கையெழுத்து போட்டதும் எரிவாயு வந்துவிடவில்லை. அந்தப் பரப்பை நிர்வகிக்கும் கூட்டு ஆணையத்துக்கான ஒப்பந்தமே 1990-இல்தான் வந்தது. சக்கரவாலா என்ற எரிவாயு வயலில் உற்பத்தி தொடங்கியது 2005-இல். (மலாய்க்காரர்களின் சக்கரவாலா வேறொன்றுமில்லை, நம் சக்கரவாளம்தான்.) எடுப்பதில் 10 சதவீதம் ராயல்டி, அதாவது உரிமைத் தொகை. 50 சதவீதம் வரை நிறுவனங்கள் செலவுக்குக் கழித்துக்கொள்ளலாம். மீதி, நிறுவனங்களுக்கும் ஆணையத்துக்கும் பாதிப் பாதி. ஆணையத்துக்கு வந்ததை இரு அரசுகளும் சமமாகப் பிரித்துக்கொள்ளும்.

அங்கே எரிவாயு எடுக்கும் மேடையில் ஒருவர் இன்னொருவரை அடித்துவிட்டால் யார் கைது செய்வது?

நல்ல கேள்வி. குற்ற வழக்குகளுக்காக மட்டும் அந்தப் பகுதிக்குள் ஒரு கோடு போட்டார்கள். இந்தப் பக்கம் மலேசியச் சட்டம், அந்தப் பக்கம் தாய்லாந்துச் சட்டம். கையோடு, இதை எல்லைக்கோடு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள்.

ஏழை நாடு ஒன்று கிடைக்கிற பங்கை வாங்கிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

இதில் எனக்கு உடன்பாடில்லை. திமோரைப் பாருங்கள். 1989 டிசம்பரில் ஆஸ்திரேலிய, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர்கள் திமோர் கடலுக்கு மேலே பறந்துகொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஷாம்பெயின் கோப்பையை உயர்த்தினார்கள். கீழே, இந்தோனேசிய ராணுவப் பிடியில் கிடந்த கிழக்குத் திமோர் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2002-இல் விடுதலையான அன்றே திமோர் ஆஸ்திரேலியாவோடு புது ஒப்பந்தம் போட்டது. பொதுப் பகுதி வருமானத்தில் 90 சதவீதம் திமோருக்கு. கேட்கத் தாராளமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பெரிய வயலான கிரேட்டர் சன்ரைஸின் பெரும்பகுதி அந்தப் பொதுப் பகுதிக்கு வெளியே கிடந்தது. ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் கடல் எல்லை வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதிலிருந்து ஆஸ்திரேலியா விலகியிருந்தது. திமோர் விடவில்லை. ஐ.நா. கடல் சட்டத்தின் கட்டாயச் சமரச முறையை (ஒரு நாடு கேட்டாலே மற்றதும் சமரசக் குழு முன் வந்தாக வேண்டும்) உலகில் முதன்முதலாகப் பயன்படுத்தி, 2018-இல் நடுக்கோட்டையொட்டிய எல்லையைப் பெற்றது. சன்ரைஸ் வருமானத்தில் குழாய் திமோருக்கு வந்தால் 70, ஆஸ்திரேலியாவுக்குப் போனால் 80 சதவீதம் திமோருக்கு. பங்கு பேச இருவரும் ஓரளவாவது சமமாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் எல்லையைக் கேட்டுப் போராடுவதே சரி.

பேச்சே நடத்தாமல் ஒரு நாடு தோண்ட ஆரம்பித்தால்?

தென் அமெரிக்காவில் கயானாவுக்கும் சூரினாமுக்கும் நடந்தது இதுதான். எல்லை முடிவாகாத கடலில் 2000-இல் கயானா அனுமதி கொடுத்த துளையிடும் மேடையை சூரினாம் கடற்படை மிரட்டி விரட்டியது. 2007-இல் வந்த நடுவர் மன்றத் தீர்ப்பு மிரட்டியதைத் தவறு என்றது. தற்காலிக ஏற்பாட்டுக்கு ஒழுங்காக முயலவில்லை என்று இரண்டு நாடுகளையுமே குறையும் சொன்னது.

மன்னார் வளைகுடாவில் இந்தியாவும் இலங்கையும் இப்படிச் செய்யலாமா?

அங்கே எல்லை 1976-லேயே முடிவாகிவிட்டது. 2011-இல் டொராடோ, பராக்குடா கிணறுகளில் எரிவாயு கண்டது இலங்கைப் பக்கம். ஆனால் அந்த 1976 ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு உண்டு: ஒரே வயல் கோட்டின் இருபக்கமும் பரவியிருந்தால், எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று இரு நாடுகளும் பேசி முடிவு செய்ய முயல வேண்டும். யாருக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இல்லை. அப்படி ஒரு வயல் அகப்பட்டால் அன்றைக்குத்தான் பேச வேண்டும்.