ஈஸ்டர் ஞாயிறும் கோதுமை மாப் புட்டும்

கேள்வி: யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட கதையை அம்மம்மா அடிக்கடி சொல்வார். பிள்ளைகளுக்கு ஒரே நாளில் எந்த இடங்களைக் காட்டலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: காலி முகத்திடலை மாலைக்கு வையுங்கள். காலையில் ரீட் அவெனியூ குதிரைப் பந்தயத் திடலுக்குப் போங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது விமான ஓடுபாதை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று பிரித்தானிய விமானப்படையின் 258ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஹரிக்கேன் போர் விமானங்கள் அங்கிருந்துதான் எழும்பின. யப்பானியருக்கு இரத்மலானை விமானத்தளம் தெரிந்திருந்தது, இந்த ஓடுபாதை தெரியாது. அதனால் அது தாக்குதலுக்குத் தப்பியது. இப்போது சுற்றிவரக் கடைகள். பார்வையாளர் மண்டபத்துப் படியில் நின்று திடலின் நீளத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

அங்கிருந்து விகாரமகாதேவிப் பூங்காவுக்கு நடந்தே போகலாம். அங்குள்ள போர் நினைவுத் தூண் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது. முதலில் நின்றது காலி முகத்திடலில். எதிரிக் கப்பல்கள் அதைக் குறியாக வைத்துப் பீரங்கி சுடலாம் என்று பயந்து, போரின்போது கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். மாலையில் காலி முகத்திடலில் நின்று கடலைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள், அந்தப் பயம் நியாயமானது என்று தெரியும். அந்த ஈஸ்டர் ஞாயிறன்று டெனடோஸ், ஹெக்டர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கியது பக்கத்துத் துறைமுகத்தில்தான். ஆனால் அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

காலி முகத்திடலில் விற்கும் இறால் வடையைச் சட்டியிலிருந்து இறக்கும்போதே வாங்குங்கள். அடுக்கி வைத்தது கடற்காற்றில் நமர்த்துவிடும், திரும்பப் பொரித்தால் இறால் றப்பராகும்.

கேள்வி: கோதுமை மாப் புட்டு போர்க்காலத்துச் சாப்பாடா? எங்கள் வீட்டில் அது எப்போதும் கட்டிபட்டுப் போகிறது.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. குறைந்த சோற்றின் இடத்தைக் கோதுமை மாவும் பாணும் நிரப்பின. புட்டுக்குழலுக்குள் கோதுமை மா முன்பே போயிருக்கலாம், ஆனால் அதை அன்றாடச் சாப்பாடாக்கியதில் அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

கட்டிபடுவது பச்சை மாவால். தண்ணீர் பட்டதும் பச்சைக் கோதுமை மா இழுபடும். ஆவியில் அவித்தால் அந்தப் பசைத்தன்மை போய்விடும். அரைக் கிலோ மாவைத் துணியில் தளர்வாகக் கட்டி 40 நிமிடம் அவியுங்கள். இறுக்கிக் கட்டினால் நடு மா அவியாது. சூடு ஆறுமுன் உடைத்து அரியுங்கள், ஆறினால் கல்லாகிவிடும்.

உப்புச் சேர்த்து, கொதித்துச் சற்று ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறுங்கள். கால் லீற்றர் அளவு பிடிக்கும், ஆனால் அளவைவிடக் கையை நம்புங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பிறகு சுண்டு (அளவுப் பேணி) விளிம்பால் கொத்திச் சிறு மணிகளாக்கித் தேங்காய்ப்பூ கலந்து, நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கும் ஓலைப் பெட்டி) அமத்தாமல் இட்டு, ஆவி மேலே வந்தபின் 10 நிமிடம் விடுங்கள்.

மிஞ்சிய அவித்த மாவை நன்றாக ஆறவிட்டே பேணியில் மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.