பிரிட்டனின் என்.எச்.எஸ். மருத்துவச் சேவையைத் தனியார் போட்டி மேம்படுத்துமா?

மேம்படுத்தாது என்பதே என் உறுதியான கருத்து. 1948 ஜூலை 5 அன்று, சுகாதார அமைச்சர் அனூரின் பெவனின் முயற்சியால் தொடங்கிய அந்தச் சேவை வரிப்பணத்தில் இயங்குவதால், புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் பில் கட்டும் கவுண்டரைத் தேட வேண்டியதில்லை. காத்திருப்போர் பட்டியல் நீண்டிருப்பது உண்மைதான். ஆனால் படுக்கைகளும் பணியாளர்களும் போதாததற்குப் பொதுநிதி ஏற்பாட்டைக் குறை சொல்வது நியாயமன்று.

போட்டியையும் இங்கிலாந்து பரீட்சித்துப் பார்த்துவிட்டது. என்.எச்.எஸ். ஒப்பந்தங்களுக்குத் தனியார் நிறுவனங்களும் போட்டியிட வழிசெய்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், ஒப்பந்தப்புள்ளி கோருவதிலும் பரிசீலிப்பதிலும் நிர்வாகத்தின் நேரம் கரைந்தது. சர்ரே பகுதியில் குழந்தைகள் நலச் சேவை ஒப்பந்தம் கைநழுவிய ஒரு தனியார் நிறுவனம் வழக்குத் தொடுக்க, நோயாளிகளுக்குச் சேர வேண்டிய பொதுப்பணத்தைக் கொடுத்து அதைச் சமரசத்தில் முடிக்க நேர்ந்தது. கன்சர்வேடிவ் தலைமையிலான அரசு கொண்டுவந்த அந்தப் போட்டி விதிகளை, அதே கட்சியின் அரசே 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கியது.