செங்காந்தள் கொடி காய்ந்துவிட்டதா? பிடுங்காதீர்கள்

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கிறேன். ஆடியில் நட்ட செங்காந்தள் கார்த்திகையில் அருமையாகப் பூத்தது. இப்போது தை மாதம், கொடி அடியோடு காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் விட்டும் துளிர்க்கவில்லை. பிடுங்கிவிடலாமா?

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். உங்கள் செடி சாகவில்லை. மழையோடு முளைத்து, பூத்து, பனி முடிவதற்குள் கொடியை உதிர்த்துவிட்டு மண்ணுக்கடியில் கிழங்காகக் கிடப்பது செங்காந்தளின் வழக்கம். இந்த உறக்க காலத்தில் அதற்குத் தண்ணீர் தேவையில்லை. திருமங்கலம் பக்கம் கரிசல் மண் அதிகம். ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். எனக்குப் பயமெல்லாம் கிழங்கு காய்ந்துபோவதில் இல்லை, அழுகிப்போவதில்தான்.

ஆகவே கையாலேயே மண்ணை விலக்கிப் பாருங்கள். போன வருடக் கிழங்கு வற்றித் தோலாகச் சுருங்கியிருக்கும். அதன் பக்கத்தில் கலப்பை மாதிரி இரண்டு கையாகப் பிரிந்த புதுக் கிழங்கு கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. கொழகொழவென்று நாற்றமடித்தால் போனதுதான். தோண்டும்போது ஒரு கவனம்: முளை வருவது அந்தக் கைகளின் முனையில் மட்டும். முனை ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. நான் ஒருமுறை மண்வெட்டியால் இரண்டு முனையையும் சீவிவிட்டு, ஒரு பருவம் முழுக்க வெறும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

எடுத்த கிழங்கை நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்வது இதைத்தான். செடி முழுக்கக் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கில் நிறையவே உண்டு. கீல்வாத மருந்துக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள் என்றாலும், வீட்டு வைத்தியத்துக்கு இது ஆகாது. தொட்டால் கையைக் கழுவுங்கள். குழந்தையோ ஆடோ கடித்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஆட்டுக்குக் கால்நடை மருத்துவர்.

சரி, மறுபடி நடுவது எப்போது? ஆடியில்தான். இந்தத் தடவை கரிசலை நம்பாமல் செம்மண்ணும் மணலும் சரிபாதி கலந்து, கொஞ்சம் மக்கிய தொழு உரம் சேர்த்து மேட்டுப் பாத்தி போடுங்கள். கிழங்கைப் படுக்கவைத்து இரண்டு மூன்று அங்குல மண் மூடினால் போதும். இலையில் கறுப்பும் சிவப்புமாகப் புழு தென்பட்டால் காலையில் கையுறை போட்டுப் பொறுக்கிவிடுங்கள். விட்டால் இரண்டே நாளில் தண்டுதான் மிஞ்சும். கம்பி கட்டுவதையும் முளை வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கொடிக்கு இலை நுனிதான் பற்றுக்கம்பி. பிடி கிடைக்காவிட்டால் பக்கத்து மல்லிகையைச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கப் போனால் இரண்டும் ஒடியும்.