வெள்ளைச் சேர்ட்டா, மயில்கழுத்துப் பட்டா?
வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலையில் நெடுங்காலமாகப் படப்பிடிப்பு நிலையம் நடத்திவரும் ஒருவர் இப்பகுதியில் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார். இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, படமெடுக்கப் போகும்போது எதை உடுப்பது என்பதைப் பற்றியவை.

கேள்வி: எனது அப்பாவுக்கு ஆகஸ்ட் மாதத்தில் அறுபது வயது நிறைவடைகிறது. கனடாவிலிருந்து அண்ணா குடும்பத்துடன் வருகிறார். பேரப்பிள்ளைகளையும் சேர்த்துப் பதினொரு பேர். எல்லோரும் வெள்ளைச் சேர்ட்டும் நீலக் காற்சட்டையும் அணிந்து நிலாவெளிக் கடற்கரையில் ஒரு குடும்பப் படம் எடுக்கவேண்டும் என்பது அண்ணாவின் விருப்பம். அம்மாவோ தமது மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரப் பட்டை உடுத்தாமல் படத்துக்கு நிற்கமாட்டேன் என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது? – வாசகி, உப்புவெளி

பதில்: தயங்காமல் அம்மாவின் பக்கம் பேசுங்கள். இந்தப் படம் எடுக்கப்படுவதே உங்கள் பெற்றோருக்காகத்தான். நாளைக்கு அது விறாந்தைச் சுவரில் தொங்கும்போது, வீட்டுக்கு வருபவரின் கண் முதலில் போய் அமரவேண்டியது நடுவில் இருக்கும் அந்த இருவரின் முகங்களில். பதினொரு பேரும் ஒரே வெள்ளையில் நெருங்கி நின்றால், உடல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல ஆகிவிடும். அதற்கு மேலே தலைகள் மட்டும் வரிசையாக இருக்கும். பாடசாலை வகுப்புப் படத்தில் சொந்தப் பிள்ளையையே விரல் வைத்துத் தேடவேண்டியிருப்பது இதனால்தான்.

வெள்ளையால் வரும் இன்னொரு சங்கடம் ஒளி சம்பந்தப்பட்டது. கமெரா, தன் முன்னால் உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று எடுத்துக்கொண்டே ஒளியை அளக்கிறது. நிலாவெளியின் வெளிறிய மணல், பின்னால் மினுங்கும் கடல், நடுவில் பதினொரு வெள்ளைச் சேர்ட் என்று எல்லாமே பளிச்சென்று இருக்கும்போது, ஒளி மிகுந்துவிட்டதெனக் கருதி அது படத்தை இருட்டாக்கும். மாநிறமும் கருமையுமான நம் முகங்கள் மேலும் கறுத்துப்போகும். முகத்துக்காக ஒளியைக் கூட்டினாலோ, சேர்ட்டின் மடிப்பும் பொத்தானும் தெரியாமல் வெறுங் கடதாசிபோல வெளுத்துவிடும். கை தேர்ந்த படப்பிடிப்பாளர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடிப்பார் என்றாலும், வேண்டுமென்றே அவருக்கு அந்தச் சோதனையை வைப்பானேன்? அண்ணா வெள்ளையை விடமாட்டேன் என்றால், கோடி வெள்ளையை விட்டுச் சந்தன நிறத்தையோ பழுப்பேறிய பருத்தி நிறத்தையோ அணியச் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு வெள்ளை என்றே தோன்றும், கமெராவுக்கும் தொல்லையில்லை.

நிறங்களைத் தெரிவு செய்யும் வேலையை அம்மாவின் சேலையிடமே ஒப்படைத்துவிடலாம். ஒருநாள் காலையில் அதை யன்னலோரம் விரித்துப் பாருங்கள். மயில்கழுத்து என்பது உண்மையில் ஒரு நிறமன்று. பாவுநூல் ஒரு நிறத்திலும் ஊடைநூல் வேறொரு நிறத்திலும் ஓடுவதால், நேரே பார்க்கும்போது நீலமாகவும் மடிப்புத் திரும்புமிடத்தில் பச்சையாகவும் அது தெரியும். அந்த நீலத்தைச் சற்று மங்கலாக்கி ஆண்களின் சேர்ட்டுக்கும், பச்சையைச் சாம்பல் கலந்ததாக்கி மருமக்களுக்கும், கரையில் இருக்கும் நிறத்தைக் குழந்தைகளுக்கும் கொடுங்கள். மூன்று நிறங்களுக்கு மேல் போகவேண்டாம், அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே நிறத்தில் இருக்கவும் வேண்டாம். சிறுவர்களுக்கு எழுத்துப் போட்ட ரீசேர்ட் கூடவே கூடாது. படத்தைப் பார்ப்பவர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்குமுன் எழுத்தை வாசித்துவிடுவார், அது நம் கண்களின் பழக்கம்.

அப்பாவுக்கு வேட்டியும் சால்வையும் போதும். வெள்ளைதானே என்று நீங்கள் கேட்கலாம். பதினொரு பேரில் ஒருவர் மட்டும் வெள்ளையில் இருந்தால் கண் அவரிடம் போகும், இங்கே நமக்கு வேண்டியதும் அதுவே. அதோடு, தோளில் மடித்துப் போட்ட வெள்ளைச் சால்வை வெளிச்சத்தை வாங்கிக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குக் கீழும் நாடிக்குக் கீழும் விழும் நிழல் சற்றுத் தெளியும். ஸ்டூடியோவில் இதே வேலைக்கு நாங்கள் வெள்ளை அட்டையைப் பிடிக்கிறோம்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் பட்டுச் சரிகையின் அழகு அதைப் பொறுத்தது. நிலாவெளியில் கடல் கிழக்கே இருப்பதால், அதைப் பின்னணியாக வைத்துக் காலையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னாலும் முகம் நிழலிலும் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் நம் ஊரில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது கண்குழிகள் இரண்டும் கறுத்து, சரிகை மட்டும் துண்டு துண்டாக வெளுத்துத் தெரியும். மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு வாருங்கள். சூரியன் மேற்கே மரங்களுக்குப் பின்னால் இறங்கும் வேளையில் ஒளி மென்மையாகி முகங்களில் விழும். சரிகை பளீரிடாமல் பொன்னாக மினுங்கும், பிள்ளைகளும் கண்ணைச் சுருக்கமாட்டார்கள்.

ஆகஸ்டில் கச்சான் காற்று முற்றாக அடங்கியிராது என்பதையும் மறந்துவிடாதீர்கள். தென்மேற்கிலிருந்து, அதாவது தரைப்பக்கமிருந்து, கடலை நோக்கி வீசும் அந்தக் காற்று, கடலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் அடித்துத் தலைப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அம்மாவின் பட்டுக்கு அதன் கனமே காவல். மருமக்களின் ஷிபோன் சேலைகளும் பஞ்சாபித் துப்பட்டாக்களும்தான் கொடியேறிவிடும் என்பதால், தலைப்பை மடித்துத் தோளில் ஊசி குத்துவதோடு நில்லாமல், முதுகுப் பக்கத்திலும் ஓர் ஊசி குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தலை நிறையப் பூ வைக்கும் செலவை விட்டுவிடலாம். நேராக நின்று எடுக்கும் படத்தில் அதில் தெரிவது காதோரம் எட்டிப் பார்க்கும் நாலு மொட்டுகள் மாத்திரமே.

கேள்வி: தொழில் விண்ணப்பம் ஒன்றுக்காக மார்பளவுப் படம் எடுக்க வேண்டியுள்ளது. என்னிடம் இருப்பதில் நல்லது சிறுகட்டம் போட்ட சேர்ட்தான். கோட் ஸ்டூடியோவிலேயே தருவார்கள் என்கிறார்கள். போதுமா? – ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: இரண்டும் வேண்டாம். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அந்தக் கறுப்புக் கோட்டை நானும் பல வருடங்களாக வாடிக்கையாளருக்குக் கொடுத்து வந்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒரே அளவு. மெலிந்தவர் போட்டால் முதுகுப் பக்கம் உடுப்புக் காயவைக்கும் கிளிப் இரண்டைக் குத்தி இறுக்குவோம். முன்பக்கம் பொருந்தியதுபோலத் தெரிந்தாலும், தோள்மூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தையல், இது இரவல் என்று பார்ப்பவரிடம் சொல்லிவிடும். உங்கள் அளவுக்குத் தைத்த ஒரு சாதாரண நீளக்கைச் சேர்ட் அதைவிட எவ்வளவோ மேல். வெளிர் நீலம் அல்லது இளஞ்சாம்பல், கழுத்துப்பட்டி விறைப்பாக மினுக்கியது, மேற்பொத்தான் பூட்டும்போது ஒரு விரல் நுழையும் இடைவெளி, இவை போதும்.

சிறுகட்டத்தையும் நுண்கோட்டையும் நான் மறுப்பதற்குக் காரணம் உண்டு. டிஜிட்டல் கமெராவின் உணரியில் ஒளியை வாங்கும் புள்ளிகள் நிரை நிரையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. துணியின் கோடுகளும் ஏறக்குறைய அதே நெருக்கத்தில் வந்து அதன்மேல் விழும்போது, இரண்டும் சிக்கிக்கொண்டு, துணியில் இல்லாத அலை நெளிவுகளும் வானவில் நிறங்களும் படத்தில் தோன்றிவிடுகின்றன. பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிய புதிதில், ஒரு வங்கி அலுவலரை நுண்கோட்டுச் சேர்ட்டோடு எடுத்தேன். கமெராவின் சின்னத் திரையில் எதுவும் தெரியவில்லை. பெரிதாக அச்சடித்து வந்தபோது அவருடைய நெஞ்சு முழுவதும் எண்ணெய் சிந்திய தண்ணீர்போல நெளிந்துகொண்டிருந்தது. காசை வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் சேர்ட்டைப் பார்க்கிறேன். கைக்குட்டையளவு பெரிய கட்டமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விண்ணப்பப் படத்துக்கு அது எடுபடாது.

கடவுச்சீட்டுக்கு உரிய படம் வேறு விடயம். அதை அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில், அவர்கள் சொல்லும் விதிப்படியே எடுக்கவேண்டும்.

கேள்வி: பட்டமளிப்பு விழாவையொட்டி ஸ்டூடியோவில் படமெடுக்க விரும்புகிறேன். ஹிஜாப் அணிபவளுக்கு எந்த நிறம் பொருந்தும்? கறுப்பு மெலிவாகக் காட்டும் என்று தோழிகள் சொல்கிறார்கள். – வாசகி, கிண்ணியா

பதில்: உடுப்பைப் பற்றிய எல்லா யோசனைகளும் உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும், சகோதரி, ஏனென்றால் மற்றவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே இருக்கும் துணி, உங்களுக்கு முகத்தைச் சுற்றியே இருக்கிறது. துணியில் படும் ஒளி தன்னோடு துணியின் நிறத்தையும் எடுத்துக்கொண்டு வந்து கன்னத்தில் விழும். கிளிப்பச்சை அணிந்தால் நாடிக்குக் கீழே பச்சை படியும். அந்தச் சாயத்தைக் கணினியில் நீக்குவது சோற்றில் கல் பொறுக்குவது மாதிரியான வேலை. கடுஞ்சிவப்பும் அப்படியே. பழைய ரோசா, சாம்பல் நீலம், தேயிலைப் பழுப்பு போன்ற அடங்கிய நிறங்கள் முகத்தை முகமாகவே இருக்க விடும்.

கறுப்பு மெலிவாகக் காட்டும் என்பதில் பாதி உண்மை உண்டு. அது ஒளியை விழுங்குவதால் கன்னத்தோரம் நிழலேறி முகத்தின் விளிம்பு கூர்மையாகும். ஆனால் பட்டமளிப்பு அங்கியும் கறுப்பு, ஸ்டூடியோப் பின்திரையும் கறுப்பு என்று அமைந்துவிட்டால், முகமும் இரண்டு கைகளும் மட்டும் இருட்டில் மிதக்கும். ஆகவே முன்கூட்டியே பின்திரையின் நிறத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கு மாறானதைத் தெரிவு செய்யுங்கள். நிறத்தைவிடத் துணியின் தன்மைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்: சாட்டின் ஒளிவிளக்கில் திட்டுத் திட்டாகப் பளபளக்கும், பருத்தியும் மங்கலான ஜோர்ஜெட்டும் அப்படிச் செய்யா. உள்தொப்பி நெற்றியில் ஒரு பக்கம் ஏறியிருப்பதும், முத்துத்தலை ஊசி இரண்டாவது கண்போல மின்னுவதும் நேரில் எவருக்கும் தெரியாது. படத்தில் மட்டும் தெரியும்.

இரண்டு மூன்று துணிகளை வைத்துக்கொண்டு, வெயில் நேரே விழாத யன்னலுக்கு முன்னால் நின்று, கைத்தொலைபேசியில் அழகூட்டும் வசதிகளை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பதைவிட அது நம்பத்தகுந்தது. படமெடுப்பவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்று நீங்கள் விரும்பினால், அதை நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. இப்போது அதை எவரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

கேள்வி: மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிற்பதா? – மூத்த வாசகர், திருகோணமலை

பதில்: எப்போதும் அணிபவர் என்றால் அணிந்தே நில்லுங்கள், கழற்றினால் மூக்கில் இரண்டு தழும்புகளும் பழக்கமில்லாத ஒரு முகமும்தான் மிஞ்சும். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி என்றால் மட்டும், வெளியில் எடுக்கும் படத்துக்குப் பழைய சட்டமொன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மம்மாவின் கல்யாணப் படமொன்று கறுப்பு வெள்ளையில் எங்களிடம் இருக்கிறது. அவர் உடுத்திருக்கும் கூறை அதில் கன்னங்கரேலென்று இருக்கிறது. கூறை சிவப்பென்று அம்மா சத்தியம் பண்ணுகிறார். படத்துக்கு நிறமூட்டிப் பெரிதாக்க விரும்புகிறோம், எதை நம்புவது? – வாசகர், மூதூர்

பதில்: அம்மாவை நம்புங்கள். ஆரம்பகாலப் புகைப்படத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜேர்மனிய வேதியியலாளர் சாயங்களைச் சேர்த்து அந்த உணர்திறனைப் பச்சைப் பக்கமாக நீட்டலாம் என்று கண்டறிந்தார். ஆனாலும் அந்த வழியில் வந்த ஓர்த்தோகுரோமற்றிக் தகடுகளுக்கும் பிலிம்களுக்கும் சிவப்பு, இருட்டுக்குச் சமம். எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் வந்த பின்னரும் பழையது உடனே மறைந்துவிடவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, உருவம் மெல்ல எழும்பி வருவதைக் கண்ணால் பார்த்துக் கழுவலாம் என்பது அதிலிருந்த வசதி. அந்தப் பிலிமில் எடுத்தால் குங்குமச் சிவப்புக் கூறை கறுப்பாகத்தான் விழும். மாறாக, வானநீலச் சேலை உடுத்தவர் வெள்ளை உடுத்தவர்போலத் தெரிவார். அந்த நாளில் படமெடுக்கப் போனவர்கள் எதை உடுப்பது என்று கேட்டபோது, படப்பிடிப்பாளர்கள் இதையெல்லாம் மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று கைத்தொலைபேசியிலேயே தானாக நிறமூட்டும் செயலிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கூறையும் தெரியாது, உங்கள் அம்மம்மாவையும் தெரியாது. கறுப்பைக் கண்டால் கறுப்பாகவோ கருநீலமாகவோ பூசிவிடும். கையால் நிறமூட்டும் ஒருவரிடம் கொடுங்கள். கூறை இன்னும் பெட்டியில் இருக்குமானால், அதன் உடலும் கரையும் தெரியும்படி யன்னல் வெளிச்சத்தில் ஒரு படமெடுத்து, அதையும் அவரிடம் சேர்த்துக் கொடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முழுவதையும் உதறி விரிக்க வேண்டாம். நெடுங்காலம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, சரிகை ஓடும் இடத்தில் வெடித்துவிடும். மேல்மடிப்பு ஒன்றைத் திருப்பினால் போதும், நிறம் தெரிந்துவிடும்.