அப்பா சிறையில் இறந்தார். மேல்முறையீடும் அவரோடு போய்விட்டதா?

கேள்வி: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுக் கடலூர் மத்திய சிறையில் இருந்த என் அப்பா, ஒன்பது நாளுக்கு முன் நெஞ்சுவலியால் இறந்துவிட்டார். அவருடைய மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. செய்தி வந்த அன்றே தெருமுனையில் பட்டாசு வெடித்தார்கள். ‘தண்டனையை அனுபவிக்காமல் தப்பித்துவிட்டான்’ என்று எங்கள் குடும்பப் படத்தோடு வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். காரியத்தை நடத்த விடமாட்டோம் என்றும் மிரட்டுகிறார்கள். அவதூறு வழக்குப் போடலாமா? அப்பாவோடு வழக்கும் முடிந்துவிட்டதா?
— பண்ருட்டி அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் நாள் குறைவு.

மேல்முறையீடு செய்தவர் இறந்தால் அது தானாகவே அற்றுப்போகும் என்பதுதான் பொது விதி. ஆனால் சிறைத் தண்டனையை எதிர்த்த மேல்முறையீட்டில், பெற்றோர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் எவரும், மேல்முறையீடு செய்தவர் இறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட்டு, அதைத் தொடர அனுமதி கேட்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 435-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது; பழைய நடைமுறைச் சட்டத்தில் 394-ஆவது பிரிவு. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தால், அந்த 30 நாளில் பாதி அதிலேயே போய்விடும். இப்போதே வழக்கறிஞரைப் பாருங்கள்.

அவதூறு வழக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். இறந்தவரைப் பற்றிய அவதூறும் குற்றம்தான். ஆனாலும் தீர்ப்பு நிற்கும்வரை அவரைக் கொலைகாரர் என்று சொல்பவரை இந்தச் சட்டத்தால் பிடிப்பது மிகக் கடினம். அவர் குற்றமற்றவர் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால், அதை நிறுவ வேண்டிய இடம் அந்த மேல்முறையீடு ஒன்றுதான். பட்டாசுச் சத்தத்துக்குப் பதில் சொல்லப்போய் இந்த 30 நாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

‘தப்பித்துவிட்டான்’ என்பது தவறு. ஆயுள் தண்டனை 14 ஆண்டோடு முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது எஞ்சிய வாழ்நாள் முழுவதும். கொலை வழக்குகளில் அந்த 14 ஆண்டு, முன்விடுதலையைப் பரிசீலிப்பதற்கான குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. உங்கள் அப்பா கடலூர் கேப்பர் மலையிலுள்ள அந்தச் சிறையில் கடைசி மூச்சுவரை கைதியாகவே இருந்திருக்கிறார். தண்டனையில் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

மிரட்டல் வேறு விஷயம். இறுதிச் சடங்குக்குக் கூடியவர்களை, மனம் புண்படுத்தும் நோக்கத்தோடு தொந்தரவு செய்வது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆவது பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. காரியத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் படம் வந்த செய்திகளை அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி சேமித்து, புகாரோடு இணையுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொலையுண்டவரின் வீட்டார் பேசுவதையும், வேடிக்கைக்குக் கூடியவர்கள் பேசுவதையும் ஒரே புகாரில் சேர்க்காதீர்கள். அந்த வீட்டிலும் ஓர் அப்பாவோ மகனோ திரும்பி வரவில்லை. அவர்கள் வாய்விட்டு அழுது ஏசினால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். தீர்ப்பில் அபராதம் இருந்து, அது கட்டப்படாமல் இருந்தால், அப்பா விட்டுச்சென்ற சொத்திலிருந்து அதை வசூலிக்க முடியும். உங்கள் சம்பளத்தில் கைவைக்க முடியாது. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் குடும்பத்துக்கு உள்ள உரிமையும் இந்தச் சாவால் போகாது.

சிறை மரணங்கள் குறித்து 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீதித்துறை நடுவரின் விசாரணையில் உறவினர்களும் உடனிருக்கலாம். நெஞ்சுவலி வந்தபோது உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததா என்ற ஐயம் இருந்தால் அங்கே சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.

பணம் ஒரு தடையாக வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. இறப்புச் சான்று, தீர்ப்பு நகல், மேல்முறையீட்டு எண், உறவை நிறுவும் குடும்ப அட்டை ஆகியவற்றோடு கடலூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நாளைக் காலையே போங்கள். இறப்புச் சான்று இன்னும் கைக்கு வரவில்லையென்றால், சிறை நிர்வாகம் தந்த கடிதத்தோடு போனாலும் வேலையைத் தொடங்கிவிடலாம்.