நீச்சல் குளம் மார்க் வாங்கித் தராது

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பயோ-மேக்ஸ் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறாராம் இவருடைய அண்ணன். ஏசி வகுப்பு, நீச்சல் குளம், ஹாஸ்டலில் ஜிம். "வசதி இருந்தாத்தானே புள்ள படிக்கும்?" என்கிறாராம். மூன்று மா நிலத்தை ஒத்திக்கு வைக்கப் பேச்சு நடக்கிறது.

கவலைப்படாதீர்கள் என்று எழுதலாம். ஒத்தி வரைக்கும் போய்விட்டதால் நேராகச் சொல்கிறேன் ஐயா, வேண்டாம்.

வசதியால் படிப்பு கூடும், குறையும் என்பது சரிதான். எந்த வசதி? வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். பத்துப் பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப் என்றால் ஒருத்தி பார்ப்பாள், மற்றவர்கள் அவள் ரெக்கார்டைப் பார்த்து வரைவார்கள். வகுப்பு விட்ட பிறகு நூலகம் திறந்திருக்கிறதா? பெண்கள் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா? வராத கல்லூரியில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானம் தலைவலியோடு எந்தப் பாடம் ஏறும்? விளம்பர நோட்டீஸில் இதெல்லாம் வராது.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி விட்டதும் மாமாவின் இறால் குட்டையில்தான் போய் நிற்பாளாம். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் பட்டம், நான்கு வருடப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். உங்களுக்குப் பக்கத்துத் தலைஞாயிறிலேயே கல்லூரி இருக்கிறது. இடம் பொன்னேரியிலோ, 1977-இல் தொடங்கிய தூத்துக்குடிக் கல்லூரியிலோ கூடக் கிடைக்கலாம். இங்கே ஆய்வகம் என்றால் குளமும் சேர்த்துத்தான். விடியற்காலையில் இறால் ஏன் மேலே வந்து திணறுகிறது என்று மாமாவுக்கு அனுபவத்தில் தெரியும். இரவில் பாசி ஆக்சிஜன் தராது, இருப்பதையும் அதுவே சுவாசித்துத் தீர்க்கும், விடியுமுன் அளவு அடிமட்டத்துக்குப் போகும் என்பதை இவள் தண்ணீர் எடுத்து அளந்தே தெரிந்துகொள்வாள். கெண்டைக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைப்பது, பிடித்த மீனைக் கெடாமல் பதப்படுத்துவது, மீன் நோய் என்று பாடம் விரியும். கடைசி வருடத்தில் களப் பயிற்சி உண்டு. மீன்வளத் துறை ஆய்வாளர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்கும் தகுதிகளில் இந்தப் பட்டமும் ஒன்று.

இனி பணம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீத இட ஒதுக்கீடு மீன்வளத்துக்கும் உண்டு, பொறியியலுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை போச்சு. அவளே கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் படிக்கட்டும், ஆனால் கவுன்சலிங் வழியாக. ஒத்தி வைத்து மட்டும் கூடாது. உங்கள் அண்ணன் கோபித்துக்கொண்டாலும் சரி.

இன்று ராத்திரியே அவளைக் கேளுங்கள், பெரியப்பா பக்கத்தில் இல்லாதபோது. மீன்வளத்துக்கு விண்ணப்பம் தனி, பொறியியலுக்குத் தனி, இரண்டும் போடுங்கள். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.