ஏரீஸ் இருக்கும் இடத்தில் மார்ஸ் என்று எழுதினால் போதுமா?

வணக்கம். பண்டைய ரோமில் நிகழும் உங்கள் நாடகத்தில், கிரேக்கக் கதைகளில் போர்த் தெய்வமான ஏரீஸ் வரும் இடங்களிலெல்லாம், ரோமானியரின் போர்த் தெய்வமான மார்ஸ் என்று பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான காட்சிகளுக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டின் ஐந்தாம் பகுதியில், அதீனா என்ற பெண் தெய்வத்தின் துணையுடன் போரிடும் தியோமிடீஸ் என்ற மனிதனின் ஈட்டியால் குத்துப்பட்ட ஏரீஸ், அலறியபடி ஒலிம்பஸுக்கு ஓடி முறையிடும்போது, தெய்வங்களிலேயே தான் மிகவும் வெறுப்பது அவரைத்தான் என்று தந்தை ஜீயஸே கடிந்துகொள்கிறார். மார்ஸை ரோமானியர் இப்படிச் சிறுமைப்படுத்தியிருக்க மாட்டார்கள். ஏனெனில் நகரை நிறுவிய ரோமுலஸின் தந்தையாக அவரைப் போற்றினர், மார்ச் மாதத்துக்கு அவர் பெயரை இட்டனர், பயிரையும் கால்நடையையும் காக்குமாறு அவரிடம் வேண்டினர் (ரோமானிய எழுத்தாளர் கேட்டோவின் வேளாண் நூலில் அந்த வேண்டுதல் முழுமையாகவே உள்ளது). பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 2இல் அவருக்குப் பெருங்கோயில் அர்ப்பணித்தார்.

ரோமானியத் தெய்வங்கள் தொடக்கத்தில் கதைகளைவிடச் சடங்குகளாலேயே அறியப்பட்டன. கதைகளில் பல பின்னர் கிரேக்கத்திலிருந்து வந்தவை. வாயில்களின் தெய்வமான ஜேனஸுக்கோ கிரேக்கத்தில் நேரிணையே இல்லை.

எனினும், கணவன் வல்கன் விரித்த வலையில் காதல் தெய்வமான வீனஸும் அவள் காதலன் மார்ஸும் சிக்கும் கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் லத்தீனில் ரோமானியப் பெயர்களுடனேயே பாடியிருப்பதால், அக்காட்சியைத் தாங்கள் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். ஈட்டிக் காயத்தை நீக்கிவிடுங்கள்.